மேனேஜரின் பழக்கட்டிகள்

பல் முளைக்கிற குழந்தையும் பல் போன மாமனாரும் ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்று யாராவது முன்கூட்டியே எச்சரித்திருந்தால், மாப்பிள்ளை அந்த ஃப்ரீசருக்கு ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருப்பான். யாரும் எச்சரிக்கவில்லை. அவனும் வாங்கவில்லை.

மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஆபீஸ் போகிறவர்களுக்கு விடிந்ததும் ஒரு வகுப்பு, ஆபீஸிலிருந்து திரும்புகிறவர்களுக்குச் சாயங்காலம் ஒரு வகுப்பு. நடுவில் பகல் முழுக்க வீட்டில்தான். அவன் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை வேலை. பிரசவ விடுப்பு முடிந்து அவள் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவன் தலையில் விழுந்தது. விழுந்ததென்ன, இவனே "நான் பாத்துக்கறேன், இதென்ன பெரிய விஷயமா" என்று தலையை நீட்டினான்.

குழந்தைக்கு ஏழு மாதம். பெண். வீட்டில் அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர். தலையில் முடி கிடையாது, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை உண்டு, என்ன வேண்டும் என்று சொல்லாமலே கத்துவாள், கொடுத்ததும் இது இல்லை என்று மறுபடி கத்துவாள். நடுநடுவே வேலை செய்கிறவர்களை ஏமாற்றத்தோடு பார்ப்பாள். வேறு என்ன பெயர் வைக்க முடியும்?

மேனேஜருக்கு ஈறு வீங்கிப் பல் கிளம்பத் தொடங்கியதும் வீட்டில் எதுவும் தப்பவில்லை. டிவி ரிமோட்டைக் கடித்தாள். கார்ச் சாவியைக் கடித்தாள். அப்பனின் மோவாயைக் கடித்தாள். பல்லே இல்லாமல் இத்தனை வலிக்குமா என்று மாப்பிள்ளை கண்ணாடியில் போய்ப் பார்த்தான். எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது, அழுகை அதைவிட அதிகமாக ஒழுகியது.

"பழத்தை மசிச்சு ஃப்ரீஸ் பண்ணிக் குடுக்கச் சொன்னார் எங்க டாக்டர்," என்று மனைவி ஒருநாள் ஒரு சின்ன சாமான் வாங்கி வந்தாள். பிடி வைத்த நிப்பிள் மாதிரி இருந்தது; நிப்பிளுக்குப் பதிலாக முனையில் ரப்பர் வலைப் பை. பழக்கட்டியை உள்ளே போட்டு மூடிவிட்டால் குழந்தை சப்பலாம், கடிக்கலாம், தொண்டையில் மாட்டாது.

மாப்பிள்ளை பேரிக்காயை ஆவியில் வேகவைத்து, அரைத்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தான். மறுநாள் ஒரு கட்டியைப் பெயர்த்து வலையில் போட்டுக் கொடுத்தான். மேனேஜர் வாயில் வைத்தாள். முகம் சுளித்தாள். யாரோ அவளை நடுத்தெருவில் அவமானப்படுத்தியது போல அப்பனைப் பார்த்தாள். பிறகு மறுபடி வாயில் வைத்தாள். அப்புறம் அடுத்த அரைமணி நேரம் அந்த வீட்டில் சப்புக்கொட்டும் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. மாப்பிள்ளை சமையலறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து அவனுக்குப் பழப் பைத்தியம் பிடித்தது. காம்புப் பக்கம் பெருவிரலால் அழுத்தினால் லேசாகக் குழியும் பேரிக்காய்தான் வாங்குவான். கடைக்காரன் "அமுக்கி அமுக்கியே பாதிக் கடையை ஜாம் ஆக்கிட்டீங்க சார்" என்று கும்பிட்டான். ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், வாழைப்பழம் எல்லாம் மசிந்தன, வடிகட்டப்பட்டன, ட்ரேயில் இறங்கின. காற்றுக் குமிழி போக ட்ரேயை மேடையில் நாலு தட்டு தட்டுவான். மீன் வாசனை ஏறாமலிருக்க மூடி போடுவான். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போதும் இதே நினைப்பு. "கிளட்சை மெதுவா விடுங்க மேடம், மெதுவா, அப்படித்தான், மாம்பழத்தை மட்டும் வேகவைக்கத் தேவையில்லை," என்று அவன் சொன்னதைக் கேட்டுக் குழம்பிய அந்த அம்மாள் நாற்சந்தி நடுவில் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் நின்ற அத்தனை பேரும் ஹாரன் அடித்தார்கள்.

இந்த நிலைமையில்தான் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் ரிட்டயரான பி.டி. மாஸ்டர். முப்பது வருஷம் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டே பழகியதால் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தாலும் மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருப்பார்: முதுகு நேராக, கை முட்டியில், கண் யார் சோம்பேறி என்று தேடிக்கொண்டு. மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது. தனியாக இருந்தார். வாயில் மிச்சமிருந்த பற்களும் ஒவ்வொன்றாக ஆட்டம் காண, மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே எல்லாவற்றையும் பிடுங்கியாகிவிட்டது. ஈறு ஆறிப் பல் செட் தயாராகும்வரை மகள் வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

வாயில் பல் இல்லையே தவிர, அதிகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. 'ச' வருகிற இடத்தில் எல்லாம் காற்று வந்தது, அவ்வளவுதான்.

வந்த அன்றே ஃப்ரீசரைத் திறந்து பார்த்தார். "என்ன மாப்ளே இது, பழத்தைப் போய்ப் பொணம் மாதிரி ஐஸ்ல வச்சிருக்கீங்க?"

"குழந்தைக்கு மாமா. ஈறு வலிக்கு இதமா இருக்கும்."

"பழம்னா மரத்துல இருந்து பறிச்சு, சட்டையில தொடச்சு, நறுக்குன்னு கடிக்கணும்."

'கடிங்களேன் பார்ப்போம்' என்று நாக்கு நுனிவரை வந்ததை மாப்பிள்ளை விழுங்கிக்கொண்டான். மாமனாருக்குக் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் சூப், ராத்திரி மறுபடி கஞ்சி. அவர் அதை ஒவ்வொரு வேளையும் தண்டனை வாங்கிய பையன் மாதிரி சாப்பிட்டு முடித்தார்.

சில நாளில் கட்டிகள் குறைய ஆரம்பித்தன.

முதலில் மாப்பிள்ளை தன்னையே சந்தேகித்தான். தூக்கமில்லாதவன் எண்ணிக்கையில் தப்பு வரலாம். பிறகு பேரிக்காய் ட்ரேயில் ஒரு வரிசையே காணாமல் போனது. அடுத்து மாம்பழம். ட்ரேயை ஒழுங்காக மூடி, அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்திருந்தான் திருடன். நேர்த்தியான ஆள்.

"நீ எடுத்தியா?" என்று மனைவியைக் கேட்டான்.

"எனக்கென்ன பல் முளைக்குதா? நீங்கதான் நக்கி நக்கி ருசி பாக்கறீங்க. பாத்துட்டு என்னைக் கேக்கறீங்க," என்றாள் அவள். கோபத்தில் கைப்பையை வைத்த சத்தத்தில் மேனேஜர் விழித்துக்கொண்டாள். பேச்சு அத்தோடு நின்றது.

மாமனாரைக் கேட்கத் துணிவில்லை. சுற்றி வளைத்து, "மாமா, பழம் கொஞ்சம் குறையுது..." என்று ஆரம்பித்தான்.

மாமனார் நிமிர்ந்தார். "என் ஸ்கூல்ல ஒரு தடவை பந்து காணாம போச்சு. பசங்க எல்லாரையும் மைதானத்தைச் சுத்தி ஓடவிட்டேன். எடுத்தவன் அஞ்சாவது சுத்துல அழுதுகிட்டே ஒத்துக்கிட்டான். குழந்தை வாய்ல இருந்து பிடுங்கித் திங்கிறவன் மனுஷனே இல்லை மாப்ளே. கண்டுபிடிங்க. விடாதீங்க."

அவர் அதைச் சொன்ன விதத்தில் மாப்பிள்ளைக்குத் தன் மேலேயே சந்தேகம் திரும்பி வந்தது.

இதற்கிடையே மேனேஜர் வேலைநிறுத்தம் செய்தாள். நாலு நாளாக டயப்பரில் ஒன்றும் இல்லை. முக்குவாள், சிவப்பாள், எல்லோரும் ஆவலோடு கூடி நிற்பார்கள், பிறகு ஒரு சின்ன சத்தத்தோடு கூட்டம் கலையும். குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். "காய்ஞ்ச பிளம்ஸ் பழத்தை ஊறவச்சு அரைச்சு ஃப்ரீஸ் பண்ணி வச்சுக்குங்க. ஒரு தடவைக்கு ஒரு சின்னக் கட்டி, உருகவச்சுக் கரைச்சுக் குடுத்தாப் போதும். அதுக்கு மேல வேண்டாம். பெரியவங்களுக்கே வேலை செய்யும்," என்றார் அவர்.

மாப்பிள்ளை ஒரு ட்ரே நிறைய செய்தான். கறுப்பாக, பளபளவென்று, பார்க்கச் சாக்லேட் மாதிரி இருந்தது. ஒரு கட்டியைக் கரைத்து ஊட்டினான். மத்தியானத்துக்குள் மேனேஜர் நாலு நாள் பாக்கியையும் வட்டியோடு தீர்த்தாள். அவன் குழந்தையைக் குளிப்பாட்டி, தன்னையும் குளிப்பாட்டிக்கொண்டு, சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, நிம்மதியாக உட்கார்ந்தான். மிச்சக் கட்டிகள் ஃப்ரீசரில் இருந்தன.

பல் செட் போடும் நாள் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மாமனார் காலையிலிருந்தே கல்யாண மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தார்: இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, பாலிஷ் போட்ட ஷூ. கிளம்பும் நேரத்தில் ஆளைக் காணோம். கழிவறைக் கதவு சாத்தியிருந்தது.

மாப்பிள்ளை மேனேஜரை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு கதவைத் தட்டினான்.

"மாமா, நேரமாச்சு."

"வரேன்."

வரவில்லை. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். பிறகு அமைதி. பிறகு தண்ணீர் சத்தத்துக்குச் சம்பந்தமில்லாத வேறொரு சத்தம். மேனேஜர் கவனமாகக் கேட்டாள், தொழில் தெரிந்தவள்.

"மாமா, உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல. காலையில குடிச்ச கஞ்சி சரியில்லை. நீங்க வச்ச கஞ்சி."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. கஞ்சிக்கு என்ன குறை என்று யோசித்தபடி, குழந்தைக்கு வழியில் கொடுக்க ஒரு பேரிக்காய்க் கட்டி எடுக்கலாமென்று ஃப்ரீசரைத் திறந்தான். கறுப்புக் கட்டி ட்ரே அதே இடத்தில், அதே கோணத்தில், ஒழுங்காக மூடியிருந்தது. திறந்தால் காலி. துடைத்து வைத்தது போலக் காலி.

அவன் மெல்ல நடந்து மறுபடி கதவருகே வந்தான்.

"மாமா."

"என்ன?"

"அந்தக் கறுப்புக் கட்டி எத்தனை சாப்பிட்டீங்க?"

உள்ளே குழாய் திறந்து மூடியது.

"எந்தக் கட்டி?"

"ஃப்ரீசர்ல இருந்தது மாமா. குழந்தைக்கு வயிறு போகறதுக்கு வச்சிருந்தேன். ஒரு தடவைக்கு ஒண்ணுக்கு மேல குடுக்காதேன்னு டாக்டர் சொன்னாரு."

 கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து, முப்பது வருஷம் மைதானத்தை நடுங்க வைத்த குரல், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் குரலாகி வந்தது.

"சாக்லேட்டுன்னு நினைச்சேன் மாப்ளே."

மாப்பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டான். முடியவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கினான். அப்பன் குலுங்குவதைப் பார்த்து மேனேஜரும் கெக்கேபிக்கே என்று சிரிக்க ஆரம்பித்தாள்.

"சிரிக்கிறீங்களா?"

"குழந்தை மாமா."

"ரெண்டு குரல் கேக்குது."

போன் அடித்தது. மனைவி. "எங்க இருக்கீங்க? டாக்டர் அப்பாவுக்காகவே உக்காந்திருக்கார். நாளைக்கு அவர் வெளியூர் போறார், இன்னைக்கு விட்டா மூணு வாரம் ஆகும்."

இன்னும் மூணு வாரம் என்ற வார்த்தை கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்க வேண்டும். மாமனார் வெளியே வந்தார். முகம் வெளிறி, நெற்றியில் வேர்த்து, சட்டை மட்டும் கசங்காமல் இருந்தது. "கிளம்புங்க," என்றார். "வேகமா."

வீட்டு வாசலில் நின்றது டிரைவிங் ஸ்கூல் கார். முன்னும் பின்னும் எல் போர்டு. ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும், கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்காக. மேனேஜரைப் பின்னால் குழந்தை இருக்கையில் கட்டி வைத்துவிட்டு, மாமனாரை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினான். தெரு திரும்பினதும் வண்டி குலுங்கி நின்றது. எடுத்தான். மறுபடி நின்றது.

"ஏன் மாமா பிரேக் போடறீங்க?"

"நான் பிரேக் போடல மாப்ளே. அடக்கிக்கறேன்."

வயிற்றில் ஒவ்வொரு அலை எழும்பும்போதும் அவர் கால் தன்னால் நீண்டு பெடலில் ஊன்றியது. வண்டி நின்றது, நகர்ந்தது, நின்றது. பின்னால் வந்த பஸ் டிரைவர் எல் போர்டைப் பார்த்துவிட்டு, நரைத்த தலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் வாத்தியார் என்று முடிவு கட்டி, எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஐயா, பையனுக்கு முதல்ல வீட்டுல கத்துக்குடுத்துட்டு அப்புறம் ரோட்டுக்குக் கூட்டிட்டு வாங்க!"

ஒவ்வொரு குலுக்கலுக்கும் மேனேஜர் கைகொட்டினாள்.

பெட்ரோல் பங்க் கண்ணில் பட்டதும் மாமனார் கையை மட்டும் நீட்டினார். வண்டி முழுதாக நிற்பதற்குள் இறங்கி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன அடியாக, ஆனால் நம்ப முடியாத வேகத்தில் நடந்து மறைந்தார். அந்த வயதில் அந்த வேகம். மாப்பிள்ளைக்கு முதல்முறையாக அவர் மேல் தொழில்ரீதியான மரியாதை வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வீட்டுல தனியா இருந்தப்ப எனக்கு என்ன சாப்பிட்டோம்னே ஞாபகம் இருக்காது," என்றார் திடீரென்று. "இங்க வந்து அன்னைக்கு நீங்க குழந்தைக்குக் குடுத்ததைப் பாத்தேன். அவ கண்ணை மூடிக்கிட்டு சாப்பிட்டா. ஈறு வலி உயிர் போகுது எனக்கு. யார்கிட்ட சொல்றது? பேரப்பிள்ளைக்குச் சமமா எனக்கும் ஒரு கட்டி குடுங்கன்னு கேக்கறதா?"

"கேட்டிருக்கலாமே மாமா."

"கேட்டா நீங்க குடுத்திருப்பீங்க. அதான் கேக்கல." கொஞ்சம் யோசித்து, "என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க," என்றார்.

"சொல்லமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஆனா மாம்பழத்தை மட்டும் அவ்வளவு தின்னிருக்க வேண்டாம் மாமா. உங்களுக்குச் சர்க்கரை இருக்கு."

மாமனார் அவன் பக்கம் திரும்பினார். நிஜமான கோபம். "சர்க்கரை இருக்கிறவன் மாம்பழம் தொடுவேனா? பேரிக்காய் தின்னேன். ஆப்பிள் தின்னேன். இந்தக் கறுப்புச் சனியனைத் தின்னேன். மாம்பழத்தைக் கையால தொடல."

ஆஸ்பத்திரியில் மாட்டி முடித்துச் சரிபார்க்க ரொம்ப நேரம் ஆனது. வெளியே வந்தபோது அவர் வாயில் வேறு யாரோ ஒருவருடைய சிரிப்பு இருந்தது. மேனேஜர் அதைப் பார்த்துப் பயந்து அழுதாள். "ஏன் இவ்வளவு லேட்டு? முகமெல்லாம் ஏன் வெளுத்துக் கெடக்கு?" என்றாள் மகள். "டிராஃபிக்," என்று மாமனாரும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் சொன்னார்கள். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சாயங்கால வகுப்புக்கு வர வேண்டியவர் வரவில்லை. மாப்பிள்ளை சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். கூடத்தில் மாமனார் சோபாவில் நேராக உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். மேனேஜர் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல், கைப்பை தோளில் தொங்க, ஃப்ரீசர் கதவைத் திறந்துபோட்டு அதன் முன்னால் நின்றிருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. விரல் நுனி மஞ்சள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளால் உடனே பேச முடியவில்லை. கட்டி கரைய வேண்டியிருந்தது.

"ஆமா," என்றாள் கடைசியில். "நான்தான். என்ன இப்போ?"

"என்னைப் போய்த் திருடன்னு சொன்ன."

"நீங்க என்னைக் கேட்டீங்க, நான் உங்களைச் சொன்னேன். சரியாப் போச்சு." அவள் விரலைச் சப்பினாள். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "நாள் பூரா யார் யாரோ வாயைத் திறந்து காட்டறாங்க. பதினோரு மணி ஆனா இவ இப்ப என்ன தின்னுட்டு இருப்பாளோன்னு தோணும். வந்து பாத்தா தூங்கிட்டு இருப்பா. எழுப்பவா முடியும்? இதைத் திறந்தா இன்னைக்கு இவ தின்னதோட மிச்சம் இருக்கும். ஒண்ணு எடுத்து வாயில போட்டுக்குவேன். ஒண்ணு போட்டா இன்னொண்ணு கேக்குது. நான் என்ன பண்ண?"

 அவன் எவ்வளவோ செய்திருக்கிறானே தவிர, ஒரு முழுக் கட்டியை வாயில் போட்டுப் பார்த்ததே இல்லை. கையை நீட்டி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டான். பல் கூசியது. பிறகு மாம்பழம் மெதுவாக நாக்கில் இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"இல்லாமலா தின்னேன்? நீங்க வைக்கிற கஞ்சிக்கு இது எவ்வளவோ தேவலை."

அந்த வாரமே மேனேஜருக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்த்தது, அரிசி நுனி மாதிரி. அடுத்த நாள் காலை மாப்பிள்ளை வழக்கம்போல வலையில் பேரிக்காய்க் கட்டியைப் போட்டு நீட்டினான். அவள் வாங்கினாள், பார்த்தாள், தரையில் எறிந்தாள். ஆப்பிள் போட்டான், எறிந்தாள். மாம்பழம் சுவரில் போய் அடித்தது. அவளுடைய கண் முழுக்க மாமனார் தட்டிலிருந்த வறுத்த ரொட்டி மேல் இருந்தது. புதுப் பல்லை வைத்து அவர் அதை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தார், வேண்டுமென்றே சத்தமாக.

"அவ்வளவுதானா?" என்றான் மாப்பிள்ளை. யாரைக் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஃப்ரீசரில் இன்னும் நாலு ட்ரே நிறைய இருந்தது. நேற்றுதான் புதிதாகப் பேரிக்காய் வாங்கி வேகவைத்திருந்தான்.

மாமனார் ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்த நாள் அதுதான். பை கட்டி வாசலில் வைத்திருந்தார். ரொட்டியை முடித்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, ஃப்ரீசரைப் பார்த்தார்.

"வீணாப் போயிடுமே மாப்ளே."

"ஆமா மாமா."

"பல் செட்டு கொஞ்சம் உரசுது. ஒரு வாரம் இருந்து சரி பண்ணிட்டுப் போறேன்."

மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், ஒரு மாம்பழக் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, "எனக்கு ஒரு ட்ரே மிச்சம் வைங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமனார் பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். பிறகு செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். மாப்பிள்ளை ஒரு பேரிக்காய்க் கட்டியை அந்தக் கையில் வைத்தான். மேனேஜர் இருவரையும் ஏமாற்றத்தோடு பார்த்து, ரொட்டி இருந்த திசையைக் காட்டிக் கத்தினாள்.